அக்காவின் முழங்காலும் இரண்டு வைத்தியர்களும்

மார்ச் 2
தையல்கார அக்காவின் முழங்கால் வலி என் மாத்திரைக்கு அடங்கிவிட்டது. மருந்துக்கடைக்காரர்களே சந்தேகம் வந்தால் என்னிடம்தான் ஓடிவருவார்கள். அவள் வீட்டுக்காரர், என் மச்சான், தன் தலைவலிப் பொடிதான் வலியை விரட்டியது என்கிறார். பாவம். அந்தப் பொடியைத் தொடுவதே இல்லை என்று அக்கா என் காதில் சொல்லிவிட்டாள்.

மார்ச் 9
அக்காவின் காதில் வண்டு ரீங்காரமாம். வயசு என்றேன். மெஷின் சத்தம் என்கிறார் மச்சான். முழங்காலில் மறுபடி வலி. மாத்திரையைக் கூட்டச் சொன்னேன்.

மார்ச் 12
வாந்தி. எதுவும் இறங்கவில்லை.

மார்ச் 13
ஓடி வந்தவள் போல மூச்சு வாங்கினாள். என்னைப் பார்த்து, "நீங்க யாரு, அளவு கொடுக்க வந்தீங்களா?" என்றாள். என்னையா!

ஆஸ்பத்திரிக்கு வண்டியைப் பறக்கவிட்டேன். டாக்டரம்மா நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். நுரையீரல் சுத்தம், பிறகேன் இந்த மூச்சு? காதில் இரைச்சல் உண்டா என்று கேட்டார். உண்டு என்றோம். வலிக்கு என்ன சாப்பிடுகிறார் என்றார்.

"என் மாத்திரைதான்" என்றேன். "என் பொடிதான்" என்றார் மச்சான்.

டாக்டரம்மா அட்டையையும் பொட்டலத்தையும் வாங்கிப் படித்தார். "ரெண்டும் ஆஸ்பிரின்தாங்க. உடம்புல சேர்ந்து நஞ்சாயிடுச்சு."

எங்கள் இருவர் மனசும் கோணக்கூடாதென்று இரண்டையும் விழுங்கியிருக்கிறாள், அடிப்பாவி. அவரிடமும் என் மாத்திரையைத் தொடுவதில்லை என்றாளாம்!

"எவ்வளவுன்னு கூட்டாம குறைக்காம சொல்லுங்க."

சொன்னேன். கூட்டாமல் நான் பேசியது அதுதான் முதல் தடவை.

மார்ச் 14
ரத்தம் அமிலமாகியிருக்கிறதாம். நரம்பில் சோடா உப்புக் கரைசல் ஏறுகிறது. மருந்தைச் சிறுநீரோடு இழுத்து வெளியே தள்ளுமாம். ரத்தத்தை எடுத்து எடுத்துப் பார்க்கிறார்கள். இரண்டாம் தடவை ஆஸ்பிரின் அளவு ஏறியிருந்தது — விழுங்கியது வயிற்றில் இன்னும் கரைகிறதோ என்னவோ. இறங்காவிட்டால் டயாலிசிஸ்.

விடமாட்டேன். இந்த நாற்காலியிலிருந்து என்னை எழுப்ப எமனாலும் முடியாது. கட்டிலுக்கு அந்தப் பக்கம் மச்சான்.

மார்ச் 15
அளவு இறங்குகிறது. அக்கா கண் திறந்தாள். "ரெண்டு பேரும் ஏன் திருடி மாட்டுன மாதிரி முழிக்கிறீங்க?"

மார்ச் 29
டாக்டர் எழுதிய மருந்தை அக்காவே எடுத்துக்கொள்கிறாள். மருந்து அலமாரிப் பக்கம் எங்கள் இருவருக்கும் தடை.

தையல் மெஷினுக்கு மோட்டார் மாட்டினோம். அதாவது, நான் மாட்டினேன். மச்சான் திருப்புளி எடுத்துக் கொடுத்தார். அவரைக் கேட்டால் மாற்றிச் சொல்வார். சொல்லட்டும். வலிக்கிற காலை நீட்டிப் போட்டுக்கொண்டு, மற்றக் காலால் பெடலைத் தொட்டுத் தொட்டுத் தைக்கிறாள் மகாராணி.