கூடுதல் ஆள்

மார்ச் 3

பெரியவனுக்கு அம்மா எழுதுவது.

போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை. உன் பிள்ளைகளாவது வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கட்டும்.

குட்டியை ஆஸ்பத்திரியில் இருந்து கூட்டி வந்துவிட்டேன். உன் தங்கை விட்டுப்போன ஒரே பெண். விமானத்தில் வேலை கிடைத்த அன்று யூனிபாரத்தோடு அவளை வாசலில் நிற்கவைத்துத் தெருவையே கூப்பிட்டுக் காட்டினேன். இப்போது அவள் முகத்தைக் கண்ணாடிக்குக்கூடக் காட்டுவதில்லை. முன்பல் இரண்டும் இல்லை. இதற்குமேல் குடிக்கத் தரமுடியாது என்று சொன்னதற்கு குடித்திருந்த ஒரு பயணி அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து ட்ராலியின் இரும்பு மூலையில் மோதியிருக்கிறான். இவள் கைக்கு வெந்நீர் ஜக் அகப்பட்டது. அதாலேயே அவன் முகத்தில் அடித்தாள். அவன் பிடியை விட்ட பிறகும் அடித்தாள். முதல் அடிதான் அவளுக்கு நினைவிருக்கிறதாம். அவனுக்கு ஒரு கண் போய்விட்டது. அவன் வீட்டிலும் யாரோ அழுதுகொண்டுதான் இருப்பார்கள்.

இதெல்லாம் உனக்கும் தெரியும். எனக்குத் தெரியாதது ஒன்று. விமானத்தின் வால்பக்கத்தில் இரண்டு பேர் நிற்க வேண்டிய இடத்தில் இவள் ஏன் தனியாக நின்றாள்? கேட்டால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். யாருக்கு எப்போது எங்கே ட்யூட்டி என்று போடுகிறவன் நீ. நீ சொல்.

அம்மா


மார்ச் 9

அம்மாவுக்கு,

கோபம் புரிகிறது. ஆனால் என் பக்கத்தையும் கேள்.

ஒரு பணிப்பெண்ணிடம் தொடர்ந்து பதினாலு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. நடுவில் ஓர் ஊரில் இறங்கி வெளிநாட்டுக்குப் போகிற விமானத்துக்கு அது போதாது. அதனால் எங்களுக்கு ஒரு விதி உண்டு: வழக்கமான ஆட்களுக்கு மேல் ஒரு கூடுதல் ஆளை ஏற்றினால், மாறிமாறி உட்கார்ந்து ஓய்வெடுப்பார்கள் என்பதால் இன்னும் இரண்டு மணி நேரம் நீட்டிக்கொள்ளலாம். அன்றைக்கும் கூடுதல் ஆளோடுதான் அனுப்பினேன். கிளம்பும்போதே இன்ஜின் கோளாறில் தாமதம். பாதி வழியில் இறங்கிய ஊரில் இன்னொரு விமானத்துக்கு ஆள் இல்லை. கூடுதல் ஆளை அதில் ஏற்றிவிட்டேன். குட்டியோடு வால்பக்கத்தில் நின்றிருக்க வேண்டியவள் அவள்தான்.

கூடுதல் ஆள் இல்லாவிட்டால், ஒருவர் தானாக முன்வந்தால்தான் அவர் நேரத்தை நீட்டலாம். குட்டி இறங்கிக்கொள்கிறேன் என்றாள். நான்தான் போனில் பேசி ஏற்றினேன். விமானம் நிறைய ஜனம், அம்மா. நின்றுபோயிருந்தால் என் தலை உருண்டிருக்கும். அவள் விரும்பிப் போனதாகத்தான் ஆபீசில் நினைக்கிறார்கள். அவளும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

வளர்த்தவள் என்று விசாரணைக் குழு உன்னையும் கூப்பிடும். சின்ன வயதில் இருந்தே கைநீட்டுகிற சுபாவம் என்று ஒரு வார்த்தை சொல். முன்கோபம் என்று முடித்துவிடுவார்கள். அவளுக்கு வேறு வேலை கிடைக்கும். இந்த வயதில் எனக்கு யார் தருவார்கள்?

உன் மகன்


மார்ச் 14

பெரியவனுக்கு,

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அதன் பிறகுதான் வாயைத் திறந்தாள். "மாமா சொல்றேன், ஏறும்மா. உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா" என்றாயாமே. கம்பெனிக்கு முடியாது என்று சொல்லத் தெரிந்தவளுக்குத் தாய்மாமனுக்கு முடியாது என்று சொல்ல வரவில்லை. அந்த இடம் பார்த்துத்தான் நீ அடித்திருக்கிறாய். முடியைப் பிடித்தவன் உனக்குப் பிறகு வந்தவன்.

கைநீட்டுவாளா என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வேன். பள்ளிக்கூடத்தில் பாவாடையை இழுத்தவன் மூக்கை உடைத்தவள். அன்றைக்கு அவளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு தலை நிமிர்ந்து வந்தேன். ஆனால் விட்டுவிட்டு விழுந்தவனை அடிக்கிற பெண் இல்லை அவள். அந்த அடியை அடித்தது தூங்காத கை. அதையும் சேர்த்துச் சொல்வேன். கிழவி பேத்திக்குப் பரிந்து பேசுகிறாள் என்பார்கள். என்ன நடந்தது என்று நீ சொன்னால்தான் அவர்கள் காதில் ஏறும். இல்லாவிட்டால் கண் போனவன் போட்ட வழக்கில் அவளை ஜெயிலில் போடுவார்கள்.

சொல்லிவிடு. வேலை போனால் இங்கே வா. இருக்கிறதைப் பங்கிட்டுச் சாப்பிடலாம்.

அம்மா


மார்ச் 18

அம்மாவுக்கு,

பங்கிட்டுச் சாப்பிட எனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். நீ சொல்ல வேண்டாம், நானே சொல்கிறேன். அவள் கோபக்காரி, அவளாகத்தான் ஏறினாள். செவ்வாய்க்கிழமை விசாரணை. நீ வந்து அங்கே கூச்சல் போடாதே.

உன் மகன்


மார்ச் 27

அம்மா,

விசாரணை அறை வாசலில், என் கீழே வேலை செய்கிறவர்கள் எதிரில் அடித்தாய். நான் சுவரில் சாய்ந்த பிறகும் அடித்தாய். குட்டிதான் உன் கையைப் பிடித்து இழுத்தாள். உதடு கிழிந்து, சட்டையில் ரத்தத்தோடு உள்ளே போனேன்.

சொல்ல வேண்டியதை மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். எதைக் கேட்டாலும் பதில் இருந்தது. அந்தப் பெரிய அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உங்க அம்மா எதுக்கு உங்கள அடிச்சாங்க?" என்றுதான் முதலில் கேட்டார். அதற்கு மட்டும் நான் ஒன்றும் தயார் பண்ணவில்லை. உள்ளதைச் சொல்லிவிட்டேன். அன்றைக்கே அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

மனம் திருந்திச் சொன்னேன் என்று தெருவில் சொல்லிக்கொள்ளாதே. அந்த நேரத்துக்குப் பொய் வாயில் வரவில்லை, அவ்வளவுதான். வீட்டில் பிள்ளைகள், அப்பாவை யார் அடித்தது என்று கேட்டார்கள். கதவில் இடித்துக்கொண்டேன் என்றேன். அது மட்டும் சுலபமாக வந்தது.

இனி எழுதாதே. நானும் வரமாட்டேன்.

பெரியவன்


ஏப்ரல் 20

பெரியவனுக்கு,

எழுதாதே என்றாய். இதை மட்டும் எழுதிவிடுகிறேன்.

குட்டியை ஜெயிலில் போடவில்லை. நீ சொன்னதைக் கேட்ட பிறகு வழக்கைச் சின்னதாக்கிவிட்டார்கள். ஆனால் அவளுக்கும் இனி வேலை இல்லை என்றுவிட்டார்கள். பல் கட்டியிருக்கிறது. உன்னை அடித்ததற்கு நான் வருத்தப்படுகிறேனா என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

பகலெல்லாம் தூங்குகிறாள். தொட்டு எழுப்பினால் முதலில் கையை ஓங்குகிறாள், அப்புறம்தான் கண்ணைத் திறக்கிறாள். எனக்கும் ஒன்று விழுந்து தோள் நீலமாகிவிட்டது. அதனால் நிலைப்படியில் நின்று கூப்பிட்டுத்தான் எழுப்புகிறேன்.

நீ வந்தால் நீயும் அங்கேயே நின்று கூப்பிடு.

அம்மா