பஞ்சு இழைக்குள் ஒரு சுவர்

லீட்ஸ், ஜனவரி 1959

அன்புள்ள அத்தாவுக்கு மீரானின் ஸலாம். உங்கள் மூட்டுவலி குறைந்ததா? அம்மா சுகமா?

பனியில் வழுக்கி இடதுகையில் சின்ன முறிவு. பயப்படாதீர்கள், கூடிவருகிறது.

நம் திருச்சிக் கடையில் நீங்கள் மெத்தைக்கு அடைக்கும் அதே பருத்திப் பஞ்சை இங்கே மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். ஓர் இழை முழுவதும் ஒரே செல், அத்தா! இலை வெயிலில் செய்த சர்க்கரையைச் சங்கிலியாகக் கோத்து, அந்தச் செல் தனக்குள்ளேயே அடுக்கடுக்காகச் சுவர் கட்டிக்கொள்கிறது. அசந்துபோனேன்.

“எப்படிக் கோக்குதுங்க?” என்று பேராசிரியரைக் கேட்டேன்.

“யாருக்கும் முழுசாத் தெரியாது. நீயே இருந்து கண்டுபிடியேன்” என்றார்.

சரியென்று சொல்லிவிட்டேன். ஊர் திரும்ப இன்னும் இரண்டு வருடமாகும். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

ஒரு சின்னத் தலையணை தைத்து அனுப்புங்கள். இங்கே எல்லாம் இறகுத் தலையணை, தூக்கமே வருவதில்லை. தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

மீரான்