லைனில் இருக்கிறேன்

அம்மாவுக்கு ஸ்தோத்திரம்.

இங்கே ஈஜிபுராவில் நான் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அப்பா கஞ்சி குடிக்கிறாரா?

எங்கள் புது கம்ப்யூட்டர் சிப்பை நேற்று ஓட்டிப் பார்த்தோம். ஒரே தலைக்குள் அறுபத்து நான்கு மூளை மாதிரி, அதற்குள் அத்தனை கோர்கள். ஆனால் ஒன்று மட்டும் திணறியது, மற்றவையெல்லாம் சும்மா இருந்தன. மேலாளர் நாகேஷ் சிரித்தார்: "இன்னும் ஆயிரம் கோர் வந்தாலும் இதே கதைதாம்மா. பிரிக்க முடியாத வேலைய ஒண்ணுதான் செய்யணும்." நானும் சிரித்து வைத்தேன்.

அண்ணன் துபாயில், அக்கா புனேயில், நான் இங்கே. பக்கவாதத்தில் கிடக்கும் அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்க நீ ஒருத்திதான்.

அவரைப் புரட்டும்போது எனக்குப் போன் போடு, அம்மா. பேச வேண்டாம். சும்மா லைனில் இருக்கிறேன்.

ஆபீஸ் வண்டி ஹாரன் அடிக்கிறது.

நோரா