கிளினிக்குக்குப் போகாத மாதங்கள்

அக்கா,

நேற்றுக் கிரானிலிருந்து ஒரு வயல்காரர் என்னிடம் காப்புறுதிப் படிவம் நிரப்ப வந்தார். பையிலிருந்து கிளினிக் கொப்பியை எடுத்து மேசையில் வைத்தார். உங்களுடையதைப் போலவே பழைய கலண்டர் தாளால் உறை போட்ட கொப்பி. “இதையும் காட்டோணுமா தம்பி?” என்று கேட்டார்.

தேற்றாத்தீவில், உங்கள் தையல் மெசினுக்குப் பக்கத்தில் இருந்து அதே படிவத்தை ஒரு காலையில் நான் நிரப்பினேன். உங்களுக்குச் சீனி வருத்தம் வந்து அப்போது ஆறு வருடம். விடியுமுன் கிளினிக்குக்குப் போய் நம்பர் எடுத்து, மத்தியானம் வரை வாங்குப் பலகையில் இருந்து, சோதனைக்கு இரத்தமும் சிறுநீரும் கொடுத்துவிட்டு வரும் நாளில் மெசின் ஓடாது. “காப்புறுதி போட்டா டவுனில பிரைவேட்டாச் சோதிக்கலாமாம், மெய்யா மனே?” என்று கேட்டீர்கள். மெய்தான். ஆனால் வருத்தம் முன்பே இருந்தது என்று தெரிந்தால் கம்பனி அந்தச் சோதனைகளுக்குப் பணம் தராது. அதனால் ‘நீரிழிவு உண்டா’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதினேன். கையெழுத்து மட்டும்தான் உங்களுடையது.

அதோடு விட்டேனா? “ஒரு வருசத்துக்குக் கிளினிக் பக்கம் போகாதீங்க அக்கா. பழைய கொப்பியை மறைச்சு வையுங்க, இனி ஒண்டும் பதியக்கூடா. பிறகு புதுசா வந்த வருத்தம் எண்டு காட்டி எல்லாச் சோதனையும் எடுப்பம்” என்றேன். பெரிய கெட்டிக்காரன் நான். நீங்கள் பழைய மருந்துத் துண்டைக் காட்டிப் பாமசியில் குளிசை வாங்கிக்கொண்டீர்கள்.

படிவம் போட்ட எட்டாம் மாதம் அமிர்தகழிக் கோயில் தீர்த்தத்துக்குப் போய் வந்து, கால் செருப்புக்குள் போகவில்லை என்று சிரித்தீர்கள்.

“ஆனைக்கால் வந்திட்டுப் பாருடா. ஒருக்காச் சலம் சோதிச்சா என்ன?”

“இன்னும் நாலு மாசம்தானே அக்கா, பொறுங்க.”

“சரி, நீ படிச்சவன். சொன்னாச் சரியாத்தான் இருக்கும்.”

நாலு மாதம் பொறுக்க உங்கள் சிறுநீரகத்துக்குத் தெரியவில்லை. மூச்சு முட்டி உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டொக்டர் பழைய கொப்பியைப் புரட்டிவிட்டு ஏசினார். “இவ்வளவு மாசமா எங்க போனீங்க? வந்திருந்தா முந்தியே பிடிச்சிருக்கலாம்.” நான் கட்டிலருகேதான் நின்றேன். நீங்கள் ஒரு தடவை என்னைப் பார்த்தீர்கள். பிறகு அவரிடம், “தையல் வேலை கூடிப்போச்சு, சேர். மறந்து போயிட்டன்” என்றீர்கள். வெட்கக்கேடு அக்கா, என் காப்புறுதி முகவர் வேலை பறிபோகாமல் தப்பியதே என்றுதான் அந்த நேரம் நினைத்தேன்.

நீங்கள் போய்ச் சேர்ந்த முப்பத்தோராம் நாள் காரியத்தன்று உங்கள் மகள் கேட்டாள்: “மாமா, அம்மா ஏன் கிளினிக்குக்குப் போகாம விட்டவ?”

“அவவுக்கு ஊசியெண்டாப் பயம்” என்று சொல்லிவிட்டேன். மெசின் ஊசி விரலில் ஏறினாலும் இரத்தத்தைத் துடைத்துவிட்டுச் சட்டையைத் தைத்து முடிக்கிற உங்களைப் பற்றி!

நேற்று வந்தவருக்கு ‘ஆம்’ என்றே எழுதினேன். கிளினிக்கை விடவேண்டாம் என்றும் சொன்னேன். அதனால் மனம் ஆறிவிடவில்லை. உங்கள் மகள் இப்போது தன் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடப் போகும்போதெல்லாம், “அம்மம்மா மாதிரிப் பயந்து சாகாதீங்க” என்கிறாள். நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்த மடலைக்கூட உங்களுக்குத்தான் எழுதுகிறேன், அவளுக்கு எழுதத் துணிவில்லை.