குணம் அண்ணை வீட்டு முன்னால் யாருடைய போர்ட்?

பெப்ரவரி 17, திங்கள்

லீவு நாள். கடும் குளிர். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சோடி கையுறை. ஸ்காபரோவில் மில்லிக்கன் பக்கம், வீட்டு முன் புல்தரைகளில் தேர்தல் போர்ட் நடும் வேலை. நிலம் கல்லாக இறுகிக் கிடக்கிறது, போர்டின் கம்பிக் கால் இறங்காது. குணம் அண்ணை (இனி கு.அ., விரல் விறைக்கிறது) முதலில் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்துத் துளை போடுவார். நான் அதற்குள் செருக வேண்டும். மூன்று தேர்தலில் பழகிய நுட்பம். மாகாணத் தேர்தலுக்கு அவர் நிற்பது இது நாலாவது முறை. பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாத கட்சி. மஞ்சள் போர்ட்.

ஒரு அன்ரி கதவைத் திறந்து: "ஓம் ஓம், வையுங்கோ தம்பி. மற்ற ரெண்டு பேரும் வச்சிட்டுப் போயிட்டினம். உங்களுக்கும் இடம் கிடக்கு."

ஒரே புல்தரையில் மூன்று கட்சி. எங்கள் ஆட்களுக்கு மாட்டேன் என்று சொல்ல வராது.

கு.அ. சிரித்தார். "மூண்டில ஒண்டாவது எங்களுக்கு விழும் பிள்ளை."

கம்பி அடிக்கிற சத்தத்துக்கு பீட் சேர்த்து வீடியோ போட்டேன். வேற லெவல்!!

அம்மா: "நாலாந்தரமோ? அந்த மனுசனுக்கு வேற வேலை இல்லையோ?"

18, செவ்வாய்

வீடியோவுக்குக் கீழே முகம் இல்லாத ஒரு கணக்கு: "உவர் வெல்லுறதுக்கு நிக்கேல்லை. வோட்டுப் பிரிக்கப் பெரிய கட்சி இறக்கின ஆள். எங்க இருக்கிறார் எண்டு ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ."

பதில் போட்டேன். அவன் பதில். திரும்ப நான். புட்டு ஆறிப்போனது.

ஆனால் அந்தக் கடைசி வரி. உண்மையில் எங்கே இருக்கிறார்? போர்ட் எடுப்பது, கூட்டம், நோட்டீஸ் மடிப்பது, எல்லாம் தமிழ்க் கடை பிளாசாவின் கார் பார்க்கிங்கில். போன கிழமை "வீட்ட வந்து எடுக்கிறன் அண்ணை" என்றேன். "வேண்டாம் வேண்டாம், நானே கொண்டுவாறன்" என்றார்.

ஒரு வேண்டாம் போதாதா? ஏன் இரண்டு?

பழைய வீடியோ எல்லாவற்றையும் மறுபடி பார்த்தேன். கோயில் வாசல். பிளாசா. பஸ் ஸ்டொப். மூன்று தேர்தலிலும் ஒரு இடத்தில்கூட வீடு இல்லை.

19, புதன்

நோட்டீஸ் கொடுத்து முடிந்ததும் அவருடைய காருக்குப் பின்னால் போனேன். அம்மாவின் காரில். இடையில் ஒரு கார் விட்டு. (அப்படித்தான் செய்ய வேண்டும் என்று ஒரு வீடியோவில் பார்த்தது.)

ஒரு செங்கல் வீட்டுக்கு முன் ரோட்டோரமாக நிறுத்தினார். பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான், நான் ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டியதாயிற்று. வந்து பார்த்தால் ஆள் உள்ளே.

புல்தரையில் பெரிய கட்சியின் போர்ட். சின்னது இல்லை. மரச்சட்டம் அடித்து நிறுத்திய பெரிசு.

மஞ்சள் ஒன்றுகூட இல்லை.

படம் எடுத்தேன். கார்க் கண்ணாடிக்குள்ளால் எடுத்ததில் முதல் இரண்டும் மங்கல்.

20, வியாழன்

நேரே கேட்டேன். "அண்ணை, உங்கட வீட்டு முன்னால போர்ட் வைக்கேல்லையோ?"

சுத்தியலை நிறுத்தவில்லை. "அது பிறகு பாப்பம்."

வோட்டுக்கு இன்னும் ஒரு கிழமைதான். எந்தப் பிறகு?

பிறகு அவருக்கு ஒரு போன் கோல். தள்ளிப் போய் நின்று குரலைக் குறைத்துக் கதைத்தார். காற்று என் பக்கம் அடித்தது. "ஓம் அண்ணை... ஒருத்தருக்கும் சொல்லேல்லை... உங்களுக்கு ஒரு பிரச்சினையும் வராது."

யார் அந்த அண்ணை? எதைச் சொல்லவில்லை??

பின்னேரம் அந்தப் படத்தை ஸ்டோரியில் போட்டேன். மேலே: "நாலு முறை நிண்டவரின்ர வீட்டு முன்னால ஆரின்ர போர்ட்?" கொஞ்ச நேரத்தில் அழித்துவிட்டேன்.

21, வெள்ளி

அழித்தது வீண். யாரோ ஸ்கிரீன்ஷொட் எடுத்துவிட்டார்கள். அம்மாவின் குடும்பக் குரூப் வரை வந்துவிட்டது.

முகம் இல்லாதவன்: "நான் சொன்னனான் தானே." செவ்வாய் முழுக்கச் சண்டை பிடித்தேன். இப்போது அவனுக்குச் சாட்சி நான்.

அவனுக்குக் கீழே வேறு யாரோ: "உந்த வீடு எனக்குத் தெரியும். களவா பேஸ்மென்ட் வாடகைக்கு விடுறவை. சிற்றிக் கவுன்சிலுக்குத் தெரியுமோ?"

பேஸ்மென்ட்.

கு.அ. நிலத்துக்குக் கீழே வாடகைக்கு இருப்பவர். அதனால்தான் கார் ரோட்டில். வாசலில் கார் விடும் ட்ரைவ்வே வீட்டுக்காரருடையது. புல்லும் வீட்டுக்காரருடையது. ஸ்காபரோவில் வளர்ந்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. எலெக்ஷன் கேட்கிற ஆளுக்குச் சொந்த வீடு இருக்கும் என்று நானாகவே முடிவு கட்டியிருக்கிறேன்.

22, சனி

போனேன். வீட்டுப் பக்கத்தால் ஒடுங்கிய பாதை, ஐஸ், குப்பை பின்கள். முழங்கால் உயரத்தில் ஒரு யன்னல். கண்ணாடிக்குள் மஞ்சள் போர்ட், வெயிலில் வெளிறி. முதல் தேர்தல் போர்ட். படத்தில் கு.அ.வுக்கு நிறையத் தலைமயிர். எதிரே பக்கத்து வீட்டுச் செங்கல் சுவர் மட்டும்.

வீட்டுக்காரர் சொக்ஸும் செருப்புமாக வெளியே வந்தார். "நீர்தானே படம் போட்ட பிள்ளை? உங்கட அரசியலுக்கு என்ர வீடுதான் கிடைச்சதோ? பேஸ்மென்டுக்குப் பெர்மிற் இல்லை எண்டு இனி ஊர் முழுக்கத் தெரியும். ஒருத்தருக்கும் சொல்லாதையும் எண்டுதான் அவரை இவ்வளவு காலமும் வச்சிருந்தனான்."

பக்கக் கதவால் கு.அ. ஏறி வந்தார். "அண்ணை, பிள்ளைக்குத் தெரியாது."

"தெரியாட்டி? வாற மாதம் முடிய நீர் வெளிக்கிட வேணும். நான் என்ன செய்ய?" கதவு சாத்தப்பட்டது.

"சொறி அண்ணை."

"என்னட்டக் கேட்டிருக்கலாமே பிள்ளை."

"கேட்டனான்."

யோசித்தார். "ஓம். கேட்டனீர்தான்."

வேறு என்ன சொல்வதென்று தெரியாமல் யன்னலைக் காட்டினேன். "ஏன் அண்ணை அதுக்குள்ள? சுவர்தானே பாக்குது."

"வேட்பாளர்ற வீட்டில ஒண்டுகூட இல்லாட்டி வடிவில்லையே."

23, ஞாயிறு

காலையில் இப்படி எழுதிப் போட்டேன்: "அவர் அங்க வாடகைக்கு இருக்கிறவர். போர்ட் வீட்டுக்காரரின்ர. பிழை என்னில." பார்த்தவர்கள் கொஞ்சப் பேர். ஸ்கிரீன்ஷொட் எடுக்க ஒருவரும் இல்லை.

முகம் இல்லாதவன்: "உமக்கு எவ்வளவு தந்தவை?"

மத்தியானம் கு.அ. கோல். இனி வராதே என்று சொல்லப் போகிறார் என்று நினைத்து, மணி அடித்து ஓயும் நேரத்தில்தான் எடுத்தேன்.

"பிக்கரிங்கில ஒரு பேஸ்மென்ட் இருக்காம் பிள்ளை. பெர்மிற்றோட."

"அப்ப தொகுதி, அண்ணை? அது வேற ஊரெல்லோ?"

"அங்கயும் தொகுதி இருக்குத்தானே. அடுத்த முறை அங்க நிண்டு பாப்பம். முதல் இதை முடிப்பம். இரும்புக் கம்பியைக் காணேல்லை, உம்மட காரில கிடக்கோ?"

சப்பாத்துகூடப் போடாமல் ஓடிப்போய்க் காரின் பின் ட்ரங்கைத் திறந்தேன். கிடக்கிறது.