கொதிக்கவைத்தாலும் குறையாதது

அன்புள்ள கோமதிக்கு,

முழங்கால் வலி தணிந்ததா? நான் நலமே.

எங்கள் பனியன் ஆலைக் குடியிருப்பின் கிணற்று நீரைச் சோதித்தேன். லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரையே அனுமதியுள்ள நைட்ரேட், 92 இருந்தது. கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்து. ஆகவே, ஆலையின் வேதியியலாளன் என்ற முறையில், குடிக்கத் தகுந்த நீர் என்று சான்றளிக்க மறுத்துவிட்டேன். வேலைக்கு ஆபத்தில்லை, பதறாதே.

"ஏனுங்க, கொதிக்க வெச்சாப் பத்தாதுங்களா?" என்றார் முதலாளி தரணீதரன்.

"தண்ணிதான் வத்தும் சார், நைட்ரேட் வத்தாது. உங்க பேத்திக்கு இதுல பால்மாவு கரைப்பீங்களா?"

"உங்ககிட்டப் பேசி ஜெயிக்க முடியாதுங்க. ஆர்.ஓ. மெசினே போட்டர்லாம்!"

நேற்றுப் பொருத்தினார்கள். மறுசோதனையில் 20 காட்டிய பிறகே கையெழுத்திட்டேன். தாய்மார்கள் குடங்களுடன் வரிசையில் நின்றதைப் பார்த்தபோது பெருமையாக இருந்தது.

நம் கிணற்று நீரையும் அனுப்பு. கேனை அதே நீரால் மும்முறை அலசிப் பிடிக்கவும். சோதனைக்கு ஒரு லிட்டர் போதும். நான் குடிக்க நான்கு லிட்டர் சேர்த்து அனுப்பு; நம் வீட்டுத் தண்ணீரின் ருசிக்கு ஏங்குகிறேன்.

ஆலைச் சங்கு ஊதிவிட்டது.

உன்
சண்முகநாதன்