வழி விடாதீர்கள்

ஏப்ரல் 11, செவ்வாய்

மேலாளர் வாகுயி தொலைபேசியில், "அடுத்த வாரத்துல இருந்து எல்லாரும் ஒண்ணா நின்னு பேசணுமாம், ஹொஸுமி. பழையபடி!" என்றார். நல்ல செய்தி சொல்கிறாராம்.

தொற்றுக்காலத்தில் குரல் நடிப்புக்குள் நுழைந்தவள் நான். இதுவரை தனியாகத்தான் குரல் கொடுத்தேன். ஒரு மைக், உள்ளங்கையில் ஒரு சின்னக் கருவி. என் வசனம் வரும்போது கண்ணாடிக்கு அப்பாலிருந்து பொத்தானை அழுத்துவார்கள், கருவி துடிக்கும், பேசுவேன். கார்ட்டூன் நீர்நாய்க்குட்டி கோமாவின் வாய் எப்போது திறக்கிறது என்று பார்க்காமலே பொருந்திவிடும். இனி நான்கு மைக், பத்துப் பன்னிரண்டு பேர். முறை வரும்போது எழுந்து, காலியான மைக்குக்குப் போய், பேசிவிட்டு அடுத்தவருக்காக விலக வேண்டும். அதுவும் துளிச் சத்தம் இல்லாமல். கண் இருப்பவர்களே திணறும் வேலை.

ஏப்ரல் 14

வசனம் முழுவதும் மனப்பாடம். பிரெயில் தாளை விரல் தடவும் ஓசைகூட மைக்கில் விழுந்துவிடும். சொந்த ஊர் அகிதாவிலிருந்து அம்மா அழைத்தாள். நன்றாக இருக்கிறேன் என்றேன். அவள் நம்பவில்லை. நடித்துச் சம்பாதிக்கிறவளுக்கு இந்த ஒரு வரி வராதா?

ஏப்ரல் 18

மண்ணைக் கவ்வினேன்.

இளையவர்கள் கதவோரம் உட்கார்ந்து பெரியவர்களுக்குக் கதவு திறந்துவிடுவதுதான் வழக்கம். நாயகி வேடம் என்பதால் நடுவில் உட்காரச் சொன்னார் ஒலி இயக்குநர் ஹத்தானோ. "வேண்டாங்க, இங்கயே இருக்கேன்" என்றேன். திமிர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே.

முன்பே ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் போய் மைக்குகளைத் தொட்டுப் பழகியிருந்தேன். ஆட்கள் இருக்கும் இடம் எனக்குத் தெரிந்துவிடும். மூச்சு, துணி, உடம்பின் சூடு. பேசி முடித்தவர் எங்கே நிற்கிறாரோ அங்கே மைக் இருக்கும். இதுதான் என் கணக்கு.

கருவி துடித்தது. எழுந்தேன். யாருமே இல்லை.

ஒருவர்கூட இல்லை! எல்லோரும் எங்கேயோ ஒதுங்கிவிட்டார்கள். மூச்சுச் சத்தம்கூட இல்லை. கூடமே கழன்று போய்விட்டதுபோல் இருந்தது. எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறேன் என்று தெரியாமல் கோமாவின் வசனத்தைச் சுவரிடம் சொன்னேன். மூன்றாம் முறை மைக் தாங்கியில் முழங்கால் பட்டு அது சரிந்து விழுந்தது.

"பரவாயில்லைங்க, பரவாயில்லைங்க." நாலா பக்கமிருந்தும். ஒருவர்கூடத் திட்டவில்லை. அதுதான் குலை நடுங்க வைத்தது.

ஏப்ரல் 19

வாகுயி நேரில் வந்தார். தேநீரைத் தொடவில்லை.

"அடுத்த செவ்வாயும் இப்படின்னா, அஞ்சாவது பகுதியில இருந்து கோமாவை வேற ஒருத்தருக்குக் குடுக்கறதாப் பேச்சு."

"என்னை மட்டும் தனியாப் பேச வைக்கலாமே?"

"ஒட்டாதுங்கறார் ஹத்தானோ. எதிர்ல ஆள் இருந்தாத்தான் உயிர் இருக்குமாம்."

அவர் சொல்வது சரி. அதுதான் எரிச்சல். கோமாவை வேறொரு குரலில் தொலைக்காட்சியில் கேட்பேனா? கேட்டுவிட்டு உயிரோடு இருப்பேனா?

ஏப்ரல் 20

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எனக்கு இருட்டு பழக்கம்தான். பேய்தான் புதுசு.

ஏப்ரல் 22

ஷின்ஜுகு ரயில் நிலையத்தில் காலைக் கூட்டம். முன்னும் பின்னும் இடித்தார்கள், ஒருவர் பை என் விலாவில் குத்தியது. நேராக நான் வெளியேற வேண்டிய வாசலுக்குப் போய்ச் சேர்ந்தேன். பயமே இல்லை. வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. இங்கே யாரும் எனக்காக விலகவில்லை. அங்கே எல்லோரும் விலகினார்கள், எனக்கு உதவி என்று நினைத்து.

சொல்லிவிடலாமா? முப்பது வருடமாகக் குரல் கொடுக்கும் குராமோச்சி அம்மாவிடம் நேற்று வந்தவள் போய், எனக்காக ஒதுங்காதீர்கள் என்பதா? மரியாதை கொடுங்கள் என்று கேட்கலாம். வேண்டாம் என்று எந்த வாயால் கேட்பது?

ஏப்ரல் 25, காலை

வெறும் வயிறு உறுமினால் மைக்கில் விழும். சோற்று உருண்டை ஒன்று தின்றேன். நிற்கவில்லை, வாந்தி. போகத்தான் வேண்டும்.

அன்று மாலை

சொல்லிவிட்டேன். என் குரலா அது? கோமாவே பரவாயில்லை.

"எனக்கு யாரும் வழி விடாதீங்க," என்றேன். "நீங்க ஒதுங்கினா எனக்கு ரூமே காணாமப் போயிடுது. நின்ன இடத்துலயே நில்லுங்க. மூச்சு விடுங்க. நான் இடிச்சா இடிச்சிட்டுப் போறேன்."

ஐயோ, ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது. அப்போது படகோட்டித் தவளையின் குரல், அதாவது குராமோச்சி அம்மா:

"ஏண்டி, போன வாரம் பூரா உனக்காக மூச்சைப் பிடிச்சுப் பிடிச்சு என் பிராணனே போச்சு. முன்னாடியே சொல்லித் தொலைச்சா என்ன? கதவுகிட்ட என்ன வேலை உனக்கு? வந்து இங்க உக்காரு."

சட்டையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். அவர் மூச்சில் இருமல் மிட்டாய் வாசனை. அதைப் பிடித்துக்கொண்டு மைக்குக்குப் போனேன். ஒரு முழங்கை இடித்தது, ஒரு வசனம் மறுபடி எடுத்தார்கள். முடிந்ததும் ஹத்தானோ, "சரி, இன்னைக்கு இவ்வளவுதான்" என்றார். சரி என்றால் எந்தச் சரி?

ஏப்ரல் 28

வாகுயி அழைக்கவில்லை. நானும் அழைக்கவில்லை. தைரியம் இல்லை.

மே 2, செவ்வாய்

ஐந்தாம் பகுதி. கோமா இன்னும் நான்தான். குராமோச்சி அம்மா தன் முழுக் கனத்தோடும் என் காலை மிதித்துவிட்டார். காட்சி முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு கோமாவைச் சிரிக்க வைத்தேன். ஒலிப்பதிவு நின்றதும் அவர் என்னைத்தான் திட்டினார்: "நடு வழியிலயா காலை வெப்பே, கழுதை?" எல்லோரும் சிரித்தார்கள்.

பெருவிரல் வீங்கியிருக்கிறது. தொட்டால் வலிக்கிறது. தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.